74-ஆம் தேதி பிறந்தவர்கள்

சுவீடனில் 74-ஆம் தேதி பிறந்தவர்கள் இருக்கிறார்கள். 91-ஆம் தேதி பிறந்தவர்களும் உண்டு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டில் குடியிருப்பவராகப் பதிவான ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் எண் உண்டு. பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்று ஆறு இலக்கம், ஒரு சிறு கோடு, அதன் பின் நான்கு இலக்கம். அப்படிப் பதிவாகாமல் கொஞ்ச காலம் தங்கிப் போகிறவர்களுக்கு 'ஒருங்கிணைப்பு எண்' என்று வேறொன்று தருகிறார்கள். வடிவம் அதேதான்; பிறந்த நாளோடு மட்டும் 60-ஐக் கூட்டிவிடுவார்கள். 14-ஆம் தேதி பிறந்தவர் 74-ஆம் தேதிக்காரர் ஆகிவிடுவார். எண்ணைப் பார்த்த உடனே தெரிந்துவிடும், ஆள் இந்த ஊர்க் கணக்கில் முழுதாக ஏறவில்லை என்று.

உப்சாலாவில் முதுகலை படிக்க வந்த எனக்கு இந்த எண்ணின் உள்விவரம் தெரியவந்தது எந்த அலுவலகத்திலும் இல்லை, தரவுத்தள வகுப்பில். ஆசிரியர் பலகையில் ஒரு கேள்வியை எழுதினார்: ஆள் எண்ணைப் பிரைமரி கீயாக வைக்கலாமா? ஓர் அட்டவணையில் ஒரு வரியை மற்ற எல்லா வரிகளிலிருந்தும் பிரித்துக் காட்டுவதுதான் பிரைமரி கீ. இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது, காலியாக இருக்கக் கூடாது, அடிக்கடி மாறவும் கூடாது. சுவீடன் மாணவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். பல் மருத்துவர், நூலகம், மருந்துக்கடை, உடற்பயிற்சிக்கூடம் என்று எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். 1947 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைவிட நல்ல சாவி எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வியை நான் ஊரில் வேறு விதமாகப் படித்திருந்தேன். பொறியியல் கல்லூரியில் தரவுத்தளம் என்பது ஒரு 16 மார்க் கேள்வி. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிக்கும் விதிகளான முதல் நார்மல் ஃபார்ம், இரண்டாவது, மூன்றாவது, பாய்ஸ்-காட் என்று வரையறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கட்டம் கட்டி ஓர் உதாரணம் போட்டால் மதிப்பெண் வந்துவிடும். ஆய்வகத்தில் ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளோடு வரும் மாதிரி அட்டவணைகள்: ஊழியர் 14 பேர், துறை நான்கு. அந்த 14 பேரையும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரித் தெரியும். கிங் என்பவர் தலைவர், சம்பளம் 5000, அவருக்கு மேலாளர் இல்லை. பாஸ்டனில் இருக்கும் 40-ஆம் எண் துறையில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. அந்தத் துறை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ரெக்கார்டு நோட்டில் வினவலையும் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) விடையையும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம், வெளித்தேர்வாளர் கேட்ட இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னோம், முடிந்தது. படித்ததைக் குறை சொல்ல மாட்டேன். வினவல் எழுதக் கை பழகியது அங்கேதான். ஆனால் அட்டவணைகளை யாரோ ஏற்கெனவே வடிவமைத்துத் தந்திருந்தார்கள். எது அட்டவணை ஆக வேண்டும், எது நெடுவரிசை ஆக வேண்டும் என்று நாங்கள் யோசிக்க நேர்ந்ததே இல்லை.

ஆள் எண் கேள்விக்கு வருகிறேன். முதல் மறுப்பு எங்கள் பக்கத்திலிருந்து, அதாவது வெளிநாட்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து வந்தது. எல்லோருக்கும் அந்த எண் கிடையாதே! ஓராண்டோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால்தான் மக்கள் பதிவேட்டில் சேர்ப்பார்கள். அதுவரை பல்கலைக்கழகத்தின் பதிவில் எங்களுக்கு ஓர் எழுத்து கலந்த தற்காலிக எண். உண்மையான எண் வந்தபோது நூலக அட்டை, கட்டட நுழைவு, தேர்வுப் பதிவு என்று ஒவ்வோர் இடத்திலும் பழையதைப் புதியதாக மாற்றினார்கள். ஓரிடத்தில் மட்டும் மாற்ற விட்டுப்போக, சில வாரங்கள் நான் அங்கே இரண்டு ஆளாக இருந்தேன். பாடம் எடுத்தவன் ஒருவன், மதிப்பெண் பெற்றவன் இன்னொருவன். வகுப்பில் இதைச் சொன்னபோது நல்ல சிரிப்பு. ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், "சாவி மாறினால் அதைச் சுட்டுகிற எல்லா வரிகளும் கூடவே மாற வேண்டும்" என்று பலகையில் அம்புக்குறி போட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு அவரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசி நான்கு இலக்கங்களில் மூன்றாவது ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சட்டப்படி பாலினம் மாற்றிக்கொள்பவருக்குப் புது எண் தர வேண்டியிருக்கிறது. நான்காவது இலக்கம் சரிபார்ப்புக்கு. கடன் அட்டை எண்களுக்குப் போடும் அதே லூன் கணக்கு. ஆக, ஒரு நாளில் பிறந்தவர்களைப் பிரித்துக் காட்ட மிஞ்சுவது மூன்றே இலக்கம், அதிகபட்சம் 999 பேர். சுவீடனில் ஒரே நாளில் அத்தனை குழந்தைகள் பிறக்க மாட்டார்கள் என்று 1947-இல் நினைத்தது நியாயம்தான். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாமல் அகதிகளாக வருகிறவர்களை ஜனவரி 1 என்று எழுதிக்கொள்ளும் காலம் வரும் என்று யார் கண்டார்கள்? சில ஆண்டுகளின் ஜனவரி 1-க்கு எண்கள் தீர்ந்துபோய், பக்கத்து நாளைக் கொடுக்கிறார்கள். நூறு வயதை எட்டுகிறவருக்குச் சிறு கோட்டை எடுத்துவிட்டுக் கூட்டல் குறி போடுகிறார்கள். நூறு வயது வாழ்ந்ததற்கு ஒரு கூட்டல் குறி. எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போதுதான் நான் ஆதாரைப் பற்றிச் சொன்னேன். ஆதாரின் 12 இலக்கங்களில் பிறந்த தேதி கிடையாது, பாலினம் கிடையாது, ஊர் கிடையாது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, மற்றவை அர்த்தமில்லாத எண்கள். அர்த்தம் இல்லாததுதான் அதன் பலம். ஆளைப் பற்றிய எந்தச் செய்தி மாறினாலும் எண் மாற வேண்டியதில்லை. ஆதாரை எதற்கெல்லாம் கேட்கிறார்கள் என்பது வேறு சண்டை, அதை இங்கே இழுக்கவில்லை. சாவியாக மட்டும் பார்த்தால் நம் ஊர் எண்ணே மேல். வெளிநாட்டு வகுப்பறையில் இப்படி ஒன்றைச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு அபூர்வம் என்பதால், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அன்று இரவு தொலைபேசியில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியைத் தொட மாட்டார். "இதில் என்னப்பா புதுசு? பட்டா எண் ஆள் மாறினால் மாறும். புல எண் நிற்கும். அதுவும் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் 45/2 போய் 45/2ஏ, 45/2பி ஆகிவிடும். நாங்கள் எல்லாப் பதிவேட்டிலும் சிவப்பு மையில் திருத்திக்கொண்டுதானே இருந்தோம்" என்றார். எங்கள் வகுப்பு அன்று முழுவதும் பேசியதை அவர் நாலைந்து வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எண் இல்லாமல் இருந்த வாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் சுவீடன் அடையாள அட்டை கேட்டார்கள். அந்த அட்டைக்கான கட்டணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்கிலிருந்து கட்டச் சொன்னார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். வகுப்புத் தோழி ஒருத்தி தன் கணக்கிலிருந்து கட்டிக் கொடுத்தாள். வங்கிக் கணக்கு வந்த பிறகுதான் கைபேசியில் பேங்க்ஐடி என்ற மின் அடையாளம், அது வந்த பிறகுதான் கைபேசியில் பணம் அனுப்பும் ஸ்விஷ். அதுவரை மாணவர் சந்தையில் ஒரு பழைய சைக்கிள்கூட வாங்க முடியவில்லை. கையில் காசு இருந்தும் வாங்கிக்கொள்வார் இல்லை. ஃபாரின் கீ என்பது இதுதான்: நீ சுட்டுகிற வரி அந்த அட்டவணையில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உன் வரியை உள்ளே விட மாட்டோம். ஊரில் அந்த வரையறையை மனப்பாடம் செய்திருந்தேன்.

மக்களை வரிசையில் ஏற்றுவது இவர்களுக்குப் பழைய பழக்கம். 1686-இன் திருச்சபைச் சட்டப்படி பாதிரியார்கள் வீடு வீடாக ஆட்களின் பெயரை ஏட்டில் எழுதினார்கள். மக்கள் பதிவு 1991 வரை திருச்சபையிடமே இருந்து, பிறகுதான் வரித்துறைக்கு வந்தது. என் எண் பதிவான சில வாரங்களில் என் முகவரியும் வயதும் இணையத்தில் யார் தேடினாலும் கிடைக்கும் நிலையில் இருந்தன. இங்கே அது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "திருடனுக்கும் தெரியுமே" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பருவத்தின் பாதியில் குழுத் திட்டம் கொடுத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு தரவுத்தளத்தை வடிவமைக்க வேண்டும். எங்கள் குழு எடுத்துக்கொண்டது, நான் இருந்த குடியிருப்பின் சலவை அறை. சுவீடனில் அடுக்குமாடி என்றால் அடித்தளத்தில் பொதுச் சலவை அறை இருக்கும். முறை வைத்துத் துவைக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் அப்போதும் பழைய பலகைதான். சுவரில் மாட்டிய பலகையில் மாதத்தின் நாட்கள் ஒரு பக்கம், நேரங்கள் ஒரு பக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை. ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டு எண் பொறித்த சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்று, அதன் சாவி ஒன்று. வேண்டிய நேரத்தின் துளையில் பூட்டைச் செருகித் திருப்பினால் அந்த நேரம் உங்களுடையது. அரை மணி தாமதமானால் யார் வேண்டுமானாலும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பலகைக்கு முன்னால் நால்வரும் வெகுநேரம் நின்றோம். ஒரு துளையில் ஒரு பூட்டுத்தான் போகும், அதனால் ஒரே நேரத்தை இரண்டு பேர் பிடிக்க முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டுத்தான், அதனால் ஒருவரே மூன்று நாட்களை வளைத்துப் போட முடியாது. இரண்டு கட்டுப்பாடுகளையும் பித்தளையே காவல் காக்கிறது. நாங்கள் அட்டவணையில் இதே இரண்டையும் யுனீக், அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்று அறிவித்தோம். பலகையால் முடியாதது ஒன்று உண்டு: போன மாதம் யார் துவைத்தார் என்று அதற்குத் தெரியாது. பூட்டை எடுத்தால் வரலாறு போயிற்று. வரலாறு வேண்டும் என்று முடிவு செய்த மறுகணமே இரண்டாவது கட்டுப்பாடு உடைந்தது. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு முன்பதிவு என்றால் பழையவற்றை எங்கே வைப்பது? வரப்போகும் முன்பதிவு ஒன்றுதான் இருக்கலாம், முடிந்தவை எத்தனையும் இருக்கலாம் என்று மாற்றினோம். குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்தால் அவருடைய பழைய வரிகளை அழிப்பதா, ஆள் பெயர் மட்டும் போகட்டும் என்று விடுவதா? ஒரு சாயங்காலம் முழுக்க இதே பேச்சு. வினவல் எழுதியது கடைசி வாரத்தில்தான்.

காலி நேரங்களைக் காட்டும் வினவலில் எனக்குப் பழைய நண்பர் ஒருவர் எதிர்ப்பட்டார். முன்பதிவு அட்டவணையில் பதிவானவை மட்டும்தானே இருக்கும், காலியானவற்றை எங்கிருந்து எடுப்பது? எல்லா நேரங்களையும் ஓர் அட்டவணையாக வைத்து, அதன் ஒரு வரியும் விட்டுப்போகாமல் முன்பதிவோடு இணைத்து (லெஃப்ட் ஜாயின்), எதிர்ப்பக்கம் ஒன்றும் பொருந்தாத வரிகளை மட்டும் பொறுக்க வேண்டும். பாஸ்டனில் ஆளில்லாமல் கிடந்த 40-ஆம் எண் துறை எதற்காக இருந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆய்வகத் தாளில் ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பொறி வைத்திருந்தார். பராமரிப்புக்காக மூடிய நேரங்களும் முன்பதிவு அட்டவணையிலேயே இருக்கும். அவற்றில் குடியிருப்பவர் நெடுவரிசை 'நல்', அதாவது மதிப்பு இல்லாதது. இந்த மாதம் துவைக்காதவர்கள் யார்? முன்பதிவு செய்தவர் பட்டியலில் இல்லாதவர்களைக் கேட்டு 'நாட் இன்' போட்டு எழுதினால் ஒரு வரியும் வராது. மதிப்பு இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டால் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, தெரியாது என்றுதான் வரும். பட்டியலில் ஒரே ஒரு 'நல்' இருந்தாலும், இவர் அதில் இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாதே! 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதினால் துவைக்காதவர்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். 1970-இல் எட்கர் காட் ஐபிஎம்மில் இருந்துகொண்டு, தரவை அட்டவணைகளாக வைக்கும் இந்த மாதிரியை முன்வைத்தார். எப்படித் தேட வேண்டும் என்று சொல்லாதே, என்ன வேண்டும் என்று மட்டும் சொல் என்பது அதன் அழகு. என்ன வேண்டும் என்று சரியாகச் சொல்வதுதான் இவ்வளவு பாடு. இதே உப்சாலாவில்தான் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம் இருந்தது. அதன் பெயரில் வரும் 'மை', அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரர் மிக்கேல் விதேனியசின் மகள் பெயர்.

கடைசிச் சண்டை பெயருக்காக. குழுவில் ஒருவன் வழக்கம்போல முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு நெடுவரிசை போட்டு, இரண்டும் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். இங்கே வீட்டுக் கதவில் குடும்பப்பெயரைத்தான் ஒட்டுகிறார்கள், தபால்காரர் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். ஆக, உப்சாலாவில் என் கதவில் அப்பா குடியிருந்தார். மருத்துவமனையில் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் விளக்கத் தொடங்கும் முன்பே குழுவில் இருந்த ஐஸ்லாந்துப் பெண் முந்திக்கொண்டாள். அவர்களுக்கும் தந்தை பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பதுதான் வழக்கம். தொலைபேசிப் புத்தகமே முதற்பெயர் வரிசையில்தான் இருந்ததாம்.

ஆள் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே ஒரே நெடுவரிசை போதும் என்றோம் இருவரும். அப்படியானால் பலகையில் எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று அவன் கேட்டான். வீட்டு எண் இருக்கிறதே! இங்கே அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு இலக்க எண்: 1101 என்றால் முன்வாசலுக்கு ஒரு மாடி மேலே, முதல் வீடு. பித்தளைப் பூட்டில் பொறித்திருந்ததும் அதுதான். துவைக்க வருகிறவருக்கு எந்த வீட்டின் முறை என்று தெரிந்தால் போதும். பெயர் நெடுவரிசையை முன்பதிவுத் திரையிலிருந்தே எடுத்துவிட்டோம், ஆசிரியரும் அதை ஏற்றுக்கொண்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "சலவைக்குச் சரி. தகப்பன் பெயர் இல்லாமல் பட்டா எழுத முடியுமா? ஒரே ஊரில் பத்து முருகன் இருப்பான்" என்றார். "ஆதார் எண் இருக்கிறதே அப்பா" என்றேன். "தாலுகா அலுவலகத்தில் போய் அதை மட்டும் சொல்லிப் பார்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.