ஹில்மன் கல்லூரியில் ஓர் இரவு

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1987 முதல் 1993 வரை ஒளிபரப்பான 'எ டிஃபரன்ட் வேர்ல்ட்' தொடர், ஹில்மன் என்ற கற்பனையான கறுப்பினக் கல்லூரியில் நடக்கும் நகைச்சுவைக் கதை. உண்மையான கறுப்பினக் கல்வி நிலையமான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த டெபி ஆலன், தொடரின் இரண்டாம் பருவத்தில் (சீசனில்) தயாரிப்புப் பொறுப்பேற்ற பின்னர்தான் அது கல்லூரி வாழ்வின் கடுமையான பக்கங்களைத் தொடத் துணிந்தது.

அந்தப் பருவத்தில், 1989இல் வந்த ஓர் அத்தியாயத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். பேஸ்பால் வீரனான கார்த், பெண் மறுப்பதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற தொனியில் சாதாரணமாகப் பேசுகிறான். அதைக் கேட்ட அவன் நண்பன் டுவெய்னின் முகத்தில் படரும் சங்கடம்தான் எனக்கு அந்த அத்தியாயத்தின் மையம். நண்பனைக் காட்டிக்கொடுப்பதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று அவன் குழம்பி, கல்லூரிப் பயிற்சியாளர் வால்டரிடம் ஆலோசனை கேட்கிறான். குற்றவாளி இருட்டில் பதுங்கியிருக்கும் அந்நியன் அல்லன், எல்லோரும் தோளில் தட்டிப் பாராட்டும் மாணவன் என்று காட்டியது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

ஆனால் கார்த்துடன் வெளியே சென்று காரில் அவனிடம் சிக்கிய மாணவி ஃபிரெடியை டுவெய்ன் உரிய நேரத்தில் வந்து காப்பாற்றிவிடுகிறான். அரைமணி நேரத் தொடருக்கு அது வசதியான முடிவு. காப்பாற்ற யாரும் வராத மாணவிகளின் கதை அங்கே சொல்லப்படவில்லை.

இத்தொடரை உருவாக்கிய பில் காஸ்பியே 2018இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்டார்; 2021இல் பென்சில்வேனியா உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. தொடக்கத்தில் அவர் பெயர் திரையில் தோன்றும்போது, இப்போதெல்லாம் என் கை தானாகவே ரிமோட்டைத் தேடுகிறது.