சம்பளமில்லாத தூதரக வேலை
வெளிநாட்டுத் தூதரகத்தில் இன்டர்ன்ஷிப் என்றதும் எல்லோரும் வாழ்த்தினார்கள். சம்பளம் கிடையாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பத்திரிகைகளைப் படித்துச் செய்திச் சுருக்கம், அப்புறம் கூட்டக் குறிப்புகள், விருந்தினர் பட்டியல். நேற்று பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு அழுதபடி வந்த ஒருவருக்கு அவசரப் பயண ஆவணத்துக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். இந்த வேலை எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது.

ஆனால் விமான டிக்கெட், வாடகை, சாப்பாடு எல்லாமே அப்பாவின் சேமிப்பு. அப்படியொரு சேமிப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்த வாசலுக்கே வர முடியாது. வெளிநாடுகளில் தூதரகம் போலவே செயல்படும் ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுக்களில் பயிற்சி பெறுபவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று அந்த ஒன்றியத்தின் அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஐரோப்பிய ஒம்புட்ஸ்மன் 2017இலேயே சொல்லிவிட்டார். பயிற்சி முடியும்போது தரும் மதிப்பீட்டுப் படிவத்தில் நானும் இதை எழுதப் போகிறேன்.