மெமரி கார்டை ஃபார்மேட் செய்தவன் நான்தான்

அக்காவின் கேமரா கார்டை ஃபார்மேட் செய்தவன் நான்தான். "கேமரா தானாவே அழிச்சிடுச்சு" என்று வீட்டில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவனும் நானே. இன்றோடு அதை முடித்துவிடுகிறேன்.

16 ஜிபி கார்டு. நிறைந்துவிட்டதாகக் கேமரா சொன்னது. எல்லாவற்றையும் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன் என்ற நினைப்பில் அழுத்தினேன். கேமராக்கள் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் 100, 101 என்று எண் போட்டுப் படங்களைப் பிரித்து வைக்கும். நான் ஏற்றியிருந்தது 100-ஐ மட்டும். 101 என்று ஒன்று இருப்பதையே கவனிக்கவில்லை. அதோடு விட்டேனா? கார்டு காலியான சந்தோஷத்தில் சாயங்காலம் வரை 23 படம் எடுத்துத் தள்ளினேன்.

ராத்திரி அக்கா கேட்டாள். "டேய், பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முதல் தடவையா நின்னாளே, அந்தப் படம் எங்கடா?"

அது 101-இல் இருந்தது.

கார்டை ஃபார்மேட் செய்தால் படங்கள் அந்த நொடியே மறைந்துபோவதில்லை. வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு "வீடு காலி" என்று எழுதி வைப்பது மாதிரிதான். உள்ளே ஆட்கள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள், புதுக் குடித்தனம் வந்து சாமான் இறக்கும் வரைக்கும். நான் 23 குடித்தனத்தை ஏற்றியிருந்தேன்.

உடனே கார்டைக் கழற்றி, இனி அதில் எதுவும் எழுதப்படாமல் இருக்க, அதன் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிட்டேன். அந்த நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மறுநாள் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் மட்டுமே கை வைத்தேன். மீட்பு மென்பொருளையும் மீட்ட படங்களையும் அதே கார்டில் போட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேடுகிற வீட்டிலேயே ஆள் குடியேற்றுவது அது.

நான் பயன்படுத்தியது ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். திறந்தால் ஒரு கறுப்புத் திரை, அம்புக்குறிகளை அழுத்தித்தான் நகர வேண்டும், பார்க்க ஒரு அழகும் இல்லை. ஆனால் அது பெயர்ப்பலகையைத் தேடுவதே இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறது. கேமராக்கள் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் வகைப் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற பைட்டுகளில்தான் தொடங்கும். அந்த வரிசை கண்ணில் பட்ட இடத்திலிருந்து படத்தைப் பிரித்து எடுக்கிறது.

எடுத்துத் தந்தது, ஆனால் ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீள எண்ணும். ஃபோல்டருக்கு 500 வீதம் கொட்டிக் கிடந்தன. நல்ல வேளையாக என் 23 படங்களும் கார்டின் தொடக்கத்தில், அதாவது நான் ஏற்கெனவே காப்பி எடுத்திருந்த 100-இன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன. 101-இல் பெரும்பகுதி பிழைத்திருந்தது. ஜன்னல் படம் மட்டும் இல்லை.

இந்த அல்லாட்டத்துக்கு நடுவே அத்தை ஃபோன் செய்தார். அவர் ஃபோனிலும் படங்கள் போய்விட்டனவாம். "தம்பி, ஒண்ணுகூட இல்லப்பா." வாங்கிப் பார்த்தால் எல்லாம் குப்பைத்தொட்டியில் இருந்தன. கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே கிடக்கும், ஐஃபோனிலும் அழித்த படத்துக்கு 30 நாள் கெடு உண்டு. இரண்டே நிமிட வேலை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அத்தை அதற்குள் "அழிந்த படங்களை மீட்டுத் தருகிறோம்" என்கிற ஆப் மூன்றை இறக்கியிருந்தார். எனக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. இப்போதைய ஃபோன்களின் உள்நினைவகம் பூட்டுப்போட்டு என்க்ரிப்ட் செய்யப்பட்டது. குப்பைத்தொட்டியையும் தாண்டிப் போன படத்தைச் சாதாரண ஆப் ஒன்றால் தோண்டி எடுக்கவே முடியாது. எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுபடங்களைக் காட்டி "ஆயிரம் படம் கிடைத்தது" என்று காசு கேட்கும். கம்ப்யூட்டரில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலும் இதே கதைதான். ட்ரிம் என்று ஒரு ஏற்பாடு, அழித்த இடத்தைச் சீக்கிரமே உண்மையிலேயே காலி செய்துவிடும். அந்த வகையில் பழைய கேமரா கார்டு நமக்கு ரொம்ப நல்ல பிள்ளை.

ஜன்னல் படத்துக்கு வருகிறேன். நான்காம் நாள் அம்மா போகிற போக்கில், "அதை நான் மாமாவுக்கு அனுப்பினேனேடா" என்றார். கேமரா படத்தை அம்மா எப்படி அனுப்பினார்? கேமராவின் குட்டித் திரையைத் தன் ஃபோனால் படம் எடுத்து! இதை நான்கு நாளாகச் சொல்லவில்லை. கேட்டால், "நீ என்னைக் கேட்டியா?"

மாமா ஃபோனை மாற்றிவிட்டார். அம்மாவின் கேலரியிலும் அது இல்லை. ஆனால் வாட்ஸ்அப், நாம் அனுப்பும் படங்களுக்குத் தனி நகல் ஒன்றை 'சென்ட்' என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். அதற்குள் நோமீடியா என்று ஒரு வெற்றுக் கோப்பு இருப்பதால் கேலரி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா என்று ஒவ்வொன்றாக இறங்கிப்போய்த் திறந்தேன். கோப்பின் பெயரிலேயே அனுப்பிய தேதி இருக்கும், அதனால் தேடுவது சுலபம்.

கிடைத்தது. ஆனால் பாப்பா இருக்க வேண்டிய இடத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் பளீரென்று அடித்திருந்தது. மூலையில் கேமரா காட்டிய விவரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எடுத்த நேரம் 5:42.

எனக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும் எடுத்த தேதியும் நேரமும் எக்ஸிஃப் தகவலாக எழுதப்பட்டிருக்கும். பெயர் போனாலும் அது போகாது. ஃபோட்டோரெக்கில் கெட்டுப்போன கோப்புகளையும் விடாமல் எடு என்கிற விருப்பத்தைப் போட்டு இன்னொரு முறை ஓடவிட்டேன். எல்லாவற்றையும், அந்தத் தகவலைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் நேரவாரியாக அடுக்கினேன். 5:42-இல் ஒரே ஒரு படம்.

மேல்பாதி அத்தனை தெளிவு. கம்பியை இறுக்கிய விரல்கள், திறந்த வாய், பாதி வெளிச்சம் விழுந்த கன்னம். இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அக்கா பிடிக்காத படங்களை அவ்வப்போது அழித்துக்கொண்டே எடுப்பவள். அந்த இடைவெளிகளில் இந்தப் படம் இரண்டு துண்டாக உட்கார்ந்திருக்கிறது, இரண்டாவது துண்டு எங்கே என்று சொல்லும் குறிப்பை நான் ஃபார்மேட்டில் அழித்துவிட்டேன்.

"நிக்கிற படத்துல காலைக் காணோம்" என்றாள் அக்கா. சிரித்தாளா முறைத்தாளா தெரியவில்லை.

பிறகுதான் நினைவு வந்தது. கேமரா தன் திரையில் சட்டென்று காட்டுவதற்காக, அதே தலைப்பகுதிக்குள் முழுப் படத்தின் சிறுநகல் ஒன்றையும் செருகி வைக்கும். எக்ஸிஃப்டூலால் அதை உருவி எடுத்தேன். 160-க்கு 120 புள்ளிகள், தபால்தலை அளவு.

இரண்டு கால்களும் இருந்தன. ஒன்று லேசாகத் தூக்கியபடி.