ஒரு பல் தள்ளி

எங்கள் வீட்டு மாருதி எஸ்டீம் கார் 2004-ஆம் வருட வண்டி. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ராஜபாளையத்திலிருந்து குற்றாலம் வரை அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதையில் அந்த எஸ் வளைவு வந்ததும்தான் குட்டு வெளிப்படும். முன்னால் லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். நான் ஏசியை அணைத்துவிட்டு, இரண்டாவது கியரில் கொஞ்ச நேரம் தொங்கிப் பார்த்துவிட்டு, மானம் போனால் போகட்டும் என்று முதல் கியருக்கு வருவேன். "இறங்கித் தள்ளணும்னா சொல்லுங்க" என்பாள் என் மனைவி.

இரண்டு வருடமாக இதே கதை. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜெக்டரைக் கழுவச் சொன்னேன். லிட்டருக்குப் பதினைந்து கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு இறங்கியது இறங்கியதுதான்.

போன மாதம் பெல்ட் பக்கத்து மூடியின் ஓரத்தில் ஆயில் ஈரம் தெரிந்தது. கேம் ஷாஃப்டின், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டின், ஆயில் சீல் கசிகிறது. கசிகிற ஆயில் நேராக டைமிங் பெல்ட் மேல்தான் விழும். பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க் தண்டையும் கேமையும் இணைக்கும் பல் பெல்ட் அது. ஆயிலில் ஊறிய ரப்பர் சீக்கிரம் உப்பிப் பல் உதிர்ந்துவிடும். பெல்ட் மாற்றி இரண்டு வருடம்தான் ஆகிறது, ஊரில் ஒரு ஒர்க் ஷாப்பில் மாட்டியது. ஆனாலும் சீலோடு பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மில்லில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் பல் பெல்ட்டோடு தினமும் புழங்குகிறவன், இதை இன்னொருவரிடம் கொடுக்க மனசு வரவில்லை. வார விடுமுறை நாள் ஒன்றில் உட்கார்ந்தேன். துணைக்கு அக்கா மகன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். இன்ஜின் படம் அழகாக வரைவான், ஸ்பானர் அதிகம் பிடித்ததில்லை.

பிரிக்கிற வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்னால் டிரைவர் பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றினோம். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டால் இன்ஜின் கையில் லேசாகச் சுற்றும். ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏசி பெல்ட், அப்புறம் கிராங்க் புல்லி. இந்த இன்ஜினில் ஒரு வசதி, புல்லியைச் சுற்றியிருக்கும் சின்ன போல்டுகளைக் கழற்றினாலே புல்லி வந்துவிடும். நடு போல்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதைச் சாக்கெட் மாட்டி இன்ஜினைச் சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம். வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடவில்லை என்பது இன்னொரு வசதி. சில கார்களில் அதையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

மூடி வந்ததும் மில் பழக்கம் கையில் வந்துவிட்டது. ஒயிட்னர் பேனா எடுத்து மேலே கேம் சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேராகப் பெல்ட்டில் ஒரு கோடு, கீழே கிராங்க் சக்கரத்திலும் அதே மாதிரி. பழைய பெல்ட்டில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை பல் என்று எண்ணி, புதுப் பெல்ட்டிலும் அதே இடத்தில் கோடு போட்டு மாட்டினால் வேலை முடிந்தது. நெட்டில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். மில்லில் நானும் அப்படித்தான் செய்வேன்.

"மாமா, கம்பெனி மார்க்கையும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றான் பையன். படிக்கிற பிள்ளை கேட்கிறானே என்று பார்த்தேன்.

இந்த இன்ஜினில் மேல் கேம் சக்கரத்தில் 'E' என்று எழுத்தும் பக்கத்தில் ஒரு குறியும் இருக்கும். அது மேலே இருக்கிற 'V' வெட்டுக்கு நேராக வர வேண்டும். கீழே கிராங்கின் பல் சக்கரத்தில் ஒரு புள்ளி குத்தியிருக்கும். அது ஆயில் பம்ப் உடம்பில் இருக்கும் அம்புக்குறிக்கு நேராக வர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நேராக நின்றால் சரி. கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்பதால், கீழே சரியாக நின்று மேலே குறி தலைகீழாக இருந்தால் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். கடிகாரம் சுற்றுகிற திசையில் மட்டும்தான். (பழைய ஹோண்டா சிட்டி இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றும். அதில் பழகியவர்கள் இதில் கை வைத்தால் கவனம்.)

சுற்றினேன். கீழே புள்ளி நேராக வந்தபோது மேலே 'E' குறி 'V'-ஐ எட்டவில்லை. ஒரு பல் குறைவாக நின்றது.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் வண்டி மேல் இல்லை, எங்கள் கண் மேல். பையன் "இதுதானே மாமா மார்க்?" என்று காட்டியது, சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவித் துண்டு உட்காரும் பள்ளத்தை. பளிச்சென்று தெரிவதால் எல்லோர் கண்ணும் முதலில் அதில்தான் போகும், அது மார்க் இல்லை. பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். கறுப்பு மசி வழிந்து போனதும் கடுகு அளவுக்கு ஒரு குழி தெரிந்தது. புள்ளி அதுதான். அதன் மேல் ஒயிட்னர் வைத்தேன். அடுத்து, மேலிருந்து குனிந்து பார்த்தால் கோணம் ஏமாற்றும். சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற குறிக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், தலையைக் கொஞ்சம் சாய்த்தால்கூட அரைப் பல் அங்கே இங்கே போன மாதிரித் தெரியும். பையன் போனை நேராக நீட்டிப் படம் எடுத்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சந்தேகமே இல்லை, ஒரு பல்.

பெல்ட் ஓட்டத்தில் தாவியிருக்கலாமே என்று கேட்கலாம். டென்ஷனர் தளர்ந்திருந்தால் தாவும். ஆனால் அது இறுக்கமாகவே இருந்தது, பெல்ட்டிலும் ஒரு பல் தேயவில்லை. மாட்டின அன்றைக்கே ஒரு பல் தள்ளித்தான் மாட்டியிருக்கிறார்கள். இழுவை போன தேதியை யோசித்தால் அதுவும் ஒத்துவந்தது.

நான் போட்ட ஒயிட்னர் கோடுகளைப் பார்த்தேன். அவ்வளவு அழகாக எண்ணி, அந்தத் தப்பை அப்படியே புதுப் பெல்ட்டுக்கு நகல் எடுத்திருப்பேன். பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்து மேல் கோட்டை அழித்தேன். "ஏன் மாமா அழிக்கிறீங்க?" என்றான். "காயல, வேற போடணும்" என்றேன்.

ஒரு பல்லில் என்ன ஆகிவிடும் என்றால், மேல் சக்கரத்தின் ஒரு பல் கிராங்க் கணக்கில் ஏறக்குறைய பதினைந்து டிகிரி. எங்கள் வண்டியில் கேம் அந்த அளவுக்குத் தாமதமாக ஓடியிருக்கிறது. அதாவது பிஸ்டன் கீழே போய் காற்றையும் பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. உள்ளே வந்ததில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகிறது. வேகமாக ஓடும்போது காற்று உள்ளே முட்டிக்கொண்டு வருகிற வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது. மெதுவாக, பாரத்தோடு ஏறும்போதுதான் தெரியும். புளியரையில் எனக்குத் தெரிந்த மாதிரி. பைபாஸ் ரோட்டில் நன்றாக ஓடுகிற வண்டி மேட்டில் மட்டும் ஏன் முக்குகிறது என்று இரண்டு வருடம் மண்டையைக் குடைந்தேன், பதில் பெல்ட்டுக்குள் இருந்தது.

பழைய பெல்ட்டை எடுத்து, கேம் சக்கரத்தைக் கழற்றி, சீலை மாற்றினோம். புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, அதே அளவு சாக்கெட் ஒன்றை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும், சாய்ந்தால் மறுபடி கசியும். திரும்பிப் பார்த்தால் பையன் புதுப் பெல்ட்டை ரப்பர் பேண்ட் மாதிரி முறுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறான். பிடுங்கி வைத்தேன். பார்க்க ரப்பர், உள்ளே ஓடுவது கண்ணாடி இழைக் கயிறு. மடக்கினாலோ உள்புறத்தை வெளியே திருப்பினாலோ அந்த இழை உடையும். வெளியே ஒன்றும் தெரியாது, என்றைக்கோ ஒருநாள் நடுரோட்டில் தெரியும்.

மாட்டுவதுதான் பெரிய பாடு. டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் தொய்வே இல்லாமல் நேராக இருக்க வேண்டும், இருக்கிற தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும். முதல் தடவை மாட்டி, டென்ஷனரின் ஸ்பிரிங்கை விட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் மேலே ஒரு பல் இந்தப் பக்கம். கழற்று. இரண்டாவது தடவை பெல்ட்டைப் பல்லில் ஏற்றும்போதே மேல் சக்கரம் 'டக்' என்று தானாகத் திரும்பியது. வால்வு ஸ்பிரிங் அழுத்துகிற அழுத்தத்தில் கேம் ஒரு இடத்தில் நிற்காது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருளப் பார்க்கும். வால்வை அழுத்தும் டேப்பெட் ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தளர்த்தினால் பிறகு உட்கார்ந்து பதினாறு வால்வுக்கும் கேப், அதாவது சரியான இடைவெளி, வைக்க வேண்டும். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது தடவை பையனை ரிங் ஸ்பானரோடு கேம் போல்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "மாமா, கை வலிக்குது." "பிடிடா, இன்னும் ஒரு நிமிஷம்." கீழிருந்து பெல்ட்டைப் பல் பல்லாக ஏற்றி, இழுத்துப் பிடித்தபடியே மேலே கொண்டுபோய் உட்கார வைத்தேன். ஸ்பிரிங்கை விட்டேன். கடிகாரத் திசையில் இரண்டு சுற்று, மெதுவாக. இந்த இரண்டு சுற்றைச் செல்ஃப் போட்டுச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். கையால் சுற்றும்போது ஏதாவது இடித்தால் கைக்குத் தெரியும், ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. மேலே 'E'-யும் 'V'-யும் ஒன்று. கீழே கடுகும் அம்பும் ஒன்று. பையன் போனில் இரண்டு படம் எடுத்தான். இன்னும் இரண்டு சுற்று சுற்றி மறுபடி பார்த்துவிட்டுத்தான் டென்ஷனர் போல்டை டார்க் ரென்ச்சில் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன்.

ஸ்டார்ட் பண்ணியதுமே ஐடிலில் வித்தியாசம் தெரிந்தது. முன்பு ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் இருக்கும், அது இல்லை. இரண்டு வாரம் கழித்துப் புளியரை வளைவில் இரண்டாவது கியரிலேயே ஏறியது, ஏசியும் ஓடியது. இரண்டு டேங்க் போட்டுக் கணக்குப் பார்த்ததில் பதினாலரை வருகிறது. பழைய பதினைந்து வரவில்லை. டேப்பெட் கேப் வைக்காமல் விட்டதற்கு இது தண்டனையாக இருக்கலாம், அடுத்த லீவில் பார்க்க வேண்டும்.

நேற்று டீக்கடையில் அந்த ஒர்க் ஷாப்காரரைப் பார்த்தேன். நல்ல மனிதர், என்னைப் பார்த்தால் எப்போதும் நின்று பேசிவிட்டுத்தான் போவார். "அண்ணே, வண்டி எப்படிப் போகுது?" என்றார்.

"இப்ப நல்லா போகுது" என்றேன்.

"போகாம இருக்குமா, நம்ம கை பட்ட வண்டியாச்சே" என்று சிரித்துவிட்டு, என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.