எஸ்டீமின் ஆர்பிஎம் கோடு ஒருவழியாகச் சுத்தமாகிவிட்டது

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் போன ஞாயிற்றுக்கிழமை எஸ்டீமை ஓட்டியபோது டேட்டா லாகர் (வண்டியின் அளவுகளை ஓட ஓடப் பதியும் கருவி) எழுதிய லாகை வீட்டில் திறந்து, வேகத்தைக் கிடையிலும் ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) நெடுக்கிலும் போட்டுப் பார்த்தேன். கியருக்கு ஒரு கோடாக, பூஜ்யத்திலிருந்து கிளம்பி விசிறி விரித்த மாதிரி நிற்கிறது. நடுவில் கிளட்ச் மிதித்த நேரத்துப் புள்ளிகளைத் தவிர வேறு குப்பை இல்லை. முன்பெல்லாம் இதே படத்தில் மூன்றாவது எது, நான்காவது எது என்றே பிரிக்க முடியாது.

வண்டி கார்புரேட்டர் கால எஸ்டீம், 1.3 லிட்டர் ஜி13 எஞ்சின், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அதனால் ஆர்பிஎம் சிக்னல் எடுப்பது இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையிலிருந்துதான். சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க், 6000 ஆர்பிஎம்மில் 200 ஹெர்ட்ஸ். கணக்கில் ஒரு சிக்கலும் இல்லை. ஐடிலில் லாகர் அருமையாகக் காட்டும், ஷெட்டில் நின்று ரெய்ஸ் செய்தாலும் காட்டும். டிராக்கில் த்ராட்டிலை முழுசாக மிதித்ததும் 11,000, 13,000 என்று எகிறும். அந்த வேகத்துக்குப் போயிருந்தால் வால்வெல்லாம் போனெட்டுக்கு வெளியே கிடக்கும்.

லோடில் (எஞ்சின் சுமை இழுக்கும்போது) மட்டும் ஏன் வருகிறது என்பதுதான் விஷயம். இக்னைட்டர் என்ற மின்னணு ஸ்விட்ச் காயிலின் கரண்ட்டை அறுக்கும் நொடியில் மைனஸ் முனை 300, 400 வோல்ட் வரை குதிக்கும். ஸ்பார்க் பிடித்ததும் இறங்கி, சில பத்து வோல்ட்டில் ஒன்று ஒன்றரை மில்லி செகண்டு தங்கும். அப்புறம் மிச்சமிருக்கும் சக்தி அலையாக ஆடி அடங்கும். சிலிண்டரில் அழுத்தம் ஏறும்போது ஸ்பார்க்கை எரிய வைக்கும் வோல்ட்டேஜும் ஏறுகிறது. உள்ளே கலவை சுழன்றடித்து ஸ்பார்க்கை அணைத்துவிட்டால் அது திரும்பப் பிடிக்கிறது, அதற்கொரு குதிப்பு. ஒரே ஸ்பார்க்குக்கு லாகர் இரண்டு மூன்று எண்ணிவிடும்.

கேட்டவர்கள் எல்லோரும் "சாஃப்ட்வேரில் ஃபில்டர் போட்டு விடுங்கள்" என்றார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டிய இடத்தில் தப்பாக முதலாவதில் போட்டால், எஞ்சின் ஓவர்ரெவ் ஆவது (எல்லை மீறிச் சுற்றுவது) ஒரு கண நேரம்தான். அதைப் பிடிக்கத்தான் ஆர்பிஎம் லாக் செய்கிறோம். மழுப்பி விட்ட கோட்டில் அந்த முனை காணாமல் போகும். குப்பையை லாகருக்குள் நுழையும் முன்பே நிறுத்த வேண்டும்.

சர்க்யூட் இதுதான். காயில் மைனஸிலிருந்து 4.7 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு தொடராக. கால் வாட் சாதாரண கார்பன் ரெசிஸ்டர் தாங்குவது 250 வோல்ட்தான், இங்கே வருவது அதற்கு மேல், அதனால்தான் இரண்டாகப் பிரித்தேன். அடுத்து 68 வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் கரண்ட்டை விடும் ஜீனர் டயோடு, 1என்4760ஏ. பிறகு பிசி817 ஆப்டோகப்ளரின் (சிக்னலை ஒளியாகக் கடத்தி இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் ஐசி) எல்ஈடி, அதற்கு இணையாகத் தலைகீழாக ஒரு 1என்4148 டயோடு. ஜீனர் வந்ததும் 14 வோல்ட் சப்ளையும் கடைசி ஆட்டமும் எல்ஈடியைத் தொடுவதே இல்லை, பெரிய குதிப்பு மட்டும்தான் தாண்டி வருகிறது.

ஆனால் அந்தக் குதிப்பு சில பத்து மைக்ரோ செகண்டுதான். திரும்பப் பிடிக்கும் குதிப்புகளும் சில நேரம் 68ஐத் தாண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு 555 டைமர் ஐசி, மோனோஸ்டேபிளாக (ஒரு தட்டலுக்கு ஒரே அளவான ஒரு பல்ஸ்). 22 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட், 2.4 மில்லி செகண்டு பல்ஸ். குட்டிக் குதிப்பை லாகர் படிக்கிற அளவுக்கு நீட்டுகிறது. பல்ஸ் முடியும் வரை அடுத்த தட்டலைக் காதில் வாங்குவதும் இல்லை. 7000 ஆர்பிஎம்மில் ஸ்பார்க்குகளுக்கு இடைவெளி 4.3 மில்லி செகண்டு, 12,000 வரை நிஜமான ஸ்பார்க் ஒன்றும் விடுபடாது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய ஐசி, சட்டைப் பை சில்லறைக்குக் கிடைக்கிறது.

ஆப்டோ விஷயத்தில் கொஞ்சம் பெருமையடித்துக் கொள்கிறேன். வேகமான 6என்137தான் வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். வேகமானது நானோ செகண்டு கிறுக்கலையும் விசுவாசமாகக் கடத்தும். இந்த வேலைக்கு மந்தமான பிசி817தான் பொருத்தம். ரிச்சி தெருவில் இரண்டையும் வாங்கினேன். ஒரு கடையில் கொடுத்த 6என்137இல் எழுத்து நகத்தால் சுரண்டினாலே வந்துவிட்டது. அதைப் பற்றி மேலே பேசாமல் விடுகிறேன்.

ஆசிலோஸ்கோப்பில் பார்க்க நினைப்பவர்கள் 100எக்ஸ் புரோப் (வோல்ட்டேஜை நூறில் ஒரு பங்காகக் குறைப்பது) இல்லாமல் காயில் மைனஸைத் தொடாதீர்கள். பல 10எக்ஸ் புரோப்கள் தாங்கும் எல்லையை இந்த வோல்ட்டேஜ் நெருங்கும், சிலவற்றில் தாண்டியும் விடும். சிக்னல் ஜெனரேட்டர் வைத்துச் சோதிப்பதும் வீண், சதுர அலையில் எந்தச் சர்க்யூட்டும் ஜெயிக்கும். பழைய காயில், இக்னைட்டர், ஒரு பிளக், பேட்டரி என்று மேசையில் அடுக்கித்தான் பார்த்தேன்.

பிளக்கும் சும்மா இல்லை. என்ஜிகே குறியீட்டில் 'ஆர்' உள்ள, அதாவது உள்ளே ரெசிஸ்டர் வைத்த பிளக்கைப் போட்டதும் ஜிபிஎஸ் வேகக் கோட்டில் இருந்த நடுக்கமும் குறைந்தது. ஷீல்டு ஒயரின் ஷீல்டை லாகர் பக்கம் மட்டும் எர்த் செய்திருக்கிறேன்.

போர்டு இன்னும் டாட் போர்டில்தான் இருக்கிறது, டேஷ்போர்டுக்குக் கீழே டை கட்டித் தொங்குகிறது. பெட்டியில் அடைக்கும் முன்பே மனசு அடுத்ததுக்குப் போய்விட்டது: கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல் இடத்தில் ஒன்று காலி), பல்லை எண்ண ஹால் சென்சார் (காந்தப் புலத்தை உணர்வது). சுற்றுக்கு இரண்டு புள்ளிக்குப் பதில் முப்பத்தைந்து கிடைத்தால் கியர் மாற்றும் நேரத்தையே அளந்துவிடலாம். கோவையில் லேசர் கட்டிங்குக்குப் பஞ்சமில்லை, சிக்கல் புல்லியில் அதை மையம் பிசகாமல் உட்கார வைப்பதுதான். ஜி13 எஞ்சினில் செய்து பார்த்தவர்கள் இருந்தால், புல்லி போல்ட்டின் அடியிலேயே பிடித்தீர்களா, தனியாகத் துளை போட்டீர்களா என்று சொல்லுங்கள்.