முகராத பெண்

கனமான ஒன்றை இறுக்கிப் பிடிக்கும்போது விரல் நுனியில் ரத்தம் விலகி நகத்தின் அடி வெளுத்துப்போகும். பதினோரு ஆண்டுகளாக வாசனைத் திரவிய விளம்பரங்களுக்குப் படம் திருத்தும் வேலையில் இருக்கிறேன். இந்த வெளுப்பை அழிப்பதில்தான் என் வேலை தொடங்கியது.

அந்தப் படத்தில் ஒரு பெண் பாட்டிலைக் கன்னத்துக்கு அருகில் வைத்திருந்தாள். தடித்த கண்ணாடி பாட்டில், கைக்கு வழுக்கும். கீழே போட்டுவிடக் கூடாதே என்று அவள் நிஜமாகவே அழுத்திப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் நுனி வெள்ளையாக இருந்தது, ஆள்காட்டி விரலின் கணுவில் தோல் மடிந்திருந்தது. விளம்பரம் கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்த குறிப்பில் "பிடி தெரியக் கூடாது" என்று எழுதியிருந்தார்கள். நகத்தின் அடியில் இளஞ்சிவப்பைக் கொண்டுவந்தேன். கணுவின் மடிப்பை நிரவினேன். சுண்டுவிரலை மட்டும் வேறொரு ஷாட்டிலிருந்து வெட்டி எடுத்து, சற்றே விலகி நிற்கும்படி பொருத்தினேன். சாயங்காலம் பார்த்தபோது பாட்டிலுக்கு எடையே இல்லாமல் போயிருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதே மாதம் ஆண்களுக்கான திரவியம் ஒன்றின் படமும் என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு கை பாட்டிலைப் பிடித்திருந்தது. இந்த முறை குறிப்பு நேர்மாறாக இருந்தது: புறங்கை நரம்புகளை எடுத்துக்காட்ட வேண்டும், பிடி உறுதியாகத் தெரிய வேண்டும். ஒரு கையில் அழித்ததை அதே பிரஷ்ஷால் இன்னொரு கையில் வரைந்தேன். விளம்பரங்களில் பெண்களின் விரல்கள் பொருளைப் பற்றுவதில்லை, வருடுகின்றன, அதன் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களிலேயே படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டியிருக்கிறார். அதைப் படித்தபோது, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருந்தது. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், மாடலின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். அது உடல் அளவைப் பற்றிய சட்டம். விரலில் நான் செய்தது அதற்குள் வராது.

எங்கள் தொழிலின் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். வாசனையைப் படமாக எடுக்க முடியாது. உதட்டுச்சாயம் என்றால் நிறத்தைக் காட்டலாம், கைக்கடிகாரம் என்றால் முள்ளைக் காட்டலாம். மல்லிகை, சந்தனம், பெர்கமாட் என்று பெயர்களை அடுக்கினாலும் படிப்பவரின் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. ஆகவே முழுச் சுமையும் படத்தில் இருக்கும் பெண்மேல் ஏறிவிடுகிறது. அவள் கழுத்து, பாதி மூடிய இமை, லேசாகப் பிரிந்த உதடு என்று அவளே வாசனையாகிவிடுகிறாள். இதில் வியாபாரக் கணக்கும் உண்டு. பெரிய ஆடை நிறுவனங்களின் கவுனை வாங்கக்கூடியவர்கள் உலகில் மிகக் குறைவு. அதே பெயர் பொறித்த பாட்டிலை வாங்கக்கூடியவர்கள் பல மடங்கு அதிகம். அதனால்தான் வாங்குபவர் ஒருநாளும் உடுத்தப்போகாத கவுனைப் படத்துப் பெண் உடுத்தியிருக்கிறாள்.

வேலைக்காகப் பழைய விளம்பரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1921இல் வெளிவந்த ஷனெல் நம்பர் 5 என்ற திரவியத்துக்கு, 1937இல், ஷனெல் ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய காப்ரியேல் ஷனெல் தாமே விளம்பரப் பெண்ணாக நின்றார். பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலில், கணப்புக்குப் பக்கத்தில், கறுப்பு உடையில். சரக்குக்குச் சொந்தக்காரர் போல நிற்கும் ஒரு பெண். 1973இல் ரெவ்லான் நிறுவனத்தின் 'சார்லி' வந்தது. அது ஆடம்பரச் சரக்கு இல்லை, எல்லோரும் வாங்கக்கூடியது. அதன் விளம்பரத்தில் கால்சட்டை அணிந்த பெண் அகல அடி எடுத்துவைத்து நடந்தாள். அந்த நடை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆடம்பர நிறுவனங்கள் அதைப் பின்பற்றிப் போகவில்லை. ஈவ் சான் லோரானின் 'ஓப்பியம்' விளம்பரத்தில் 2000இல் மாடல் சோஃபி டால் நகைகளும் காலணியும் தவிர வேறெதுவும் இல்லாமல், கண்மூடி மல்லாந்து கிடந்தார். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்கு 900க்கும் மேற்பட்ட புகார்கள் போய், தெருக்களில் இருந்த போஸ்டர்கள் அகற்றப்பட்டன.

அதன் பிறகு எங்களுக்கு வரும் குறிப்புகளில் சொற்கள் மெல்ல மாறின. 'மயக்கும் பெண்' போய், 'சுதந்திரமான பெண்' வந்தாள். அந்தச் சுதந்திரம் படத்தில் பெரும்பாலும் ஓட்டமாகவே தெரிகிறது. 2004இல் வந்த ஷனெல் நம்பர் 5 விளம்பரக் குறும்படத்தில் நடிகை நிக்கோல் கிட்மன் நீண்ட கவுனோடு கேமராக்களிடமிருந்து தப்பி ஓடுகிறார். 2012இல் அதே நம்பர் 5க்கு முதன்முறையாக ஓர் ஆண், நடிகர் பிராட் பிட், விளம்பர முகமாகி, கேமராவைப் பார்த்துத் தனியாக நின்று பேசினார். பெண்ணுக்கான திரவியத்தில் பேசும் வாய்ப்பு அவருக்குப் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. 2016இல் இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த கென்ஸோ திரவிய விளம்பரத்தைப் பார்த்தபோதோ நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். அதில் நடிகை மார்கரெட் குவாலி சம்பிரதாயமான ஒரு விருந்திலிருந்து வெளியே வந்து, முகத்தைக் கோணி, தோளைக் குலுக்கி, தசை தெறிக்க ஆடுகிறார். எத்தனையோ வருடமாக நான் நிரவிக்கொண்டிருந்த மடிப்புகளெல்லாம் அந்த முகத்தில் உயிரோடு இருந்தன.

இந்தக் கோபத்தோடு இருந்த காலத்தில்தான் என்னை இரண்டு வாரம் கடையில் நிற்கச் சொன்னார்கள். ஆண்டு இறுதி, பரிசு வாங்கும் நாட்கள். படம் திருத்துபவர்களும் வாங்குபவர்களைப் பார்க்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் யோசனை. ஒரு பிற்பகலில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். ஒரு கையில் இரண்டு பை, இன்னொரு கையில் அடித்துக்கொண்டே இருந்த போன். யாருக்கோ மாத்திரை எங்கே இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டு, நான் திருத்திய போஸ்டருக்கு எதிரே நின்றார். வெகுநேரம் பார்த்தார். "இவளை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள், இல்லையா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் வலுவைப் பறிகொடுத்த கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது வேலை இல்லாத கையாகத் தெரிந்தது. பை இல்லை, போன் இல்லை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தன்னை இன்னொருவர் ரசிக்க வேண்டும் என்ற ஆசை அவர் பேச்சில் இல்லவே இல்லை. கொஞ்ச நேரம் யாருக்கும் வேண்டாதவளாக இருப்பது எவ்வளவு நிம்மதி என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விளம்பரங்கள் பெண்களை ஏன் இவ்வளவு ஆழமாகத் தொடுகின்றன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீச்சல் குளம், பாலைவனம், ஆளில்லாத மாளிகை என்று எங்கே வைத்தாலும் அந்தப் பெண் தனியாக இருப்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு. அந்த ஏக்கத்தை மதிக்கிறேன். அதைக் காசாக்கும் கணக்கும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே படத்தில்தான் இருக்கின்றன.

பிறகு அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டு முகர்ந்து பார்த்தார். காகிதப் பட்டையில் தெளித்துக் கொடுத்தேன். புருவம் சுருங்கியது. நாசி விரிந்தது. கண்கள் பக்கவாட்டில் போய், தெரிந்த ஒன்றைத் தேடுவதுபோல் நின்றன. "இல்லை, ஆஸ்பத்திரி வாடை" என்று ஒன்றை ஒதுக்கினார். இன்னொன்றை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, "அரைமணி கழித்து வருகிறேன்" என்று போனார். விவரம் தெரிந்தவர். முதலில் எழும் வாசனை சில நிமிடங்களில் பறந்துவிடும், அடியில் இருப்பது மெதுவாகத்தான் தோலின் சூட்டில் எழும்பி வரும். சொன்னபடி வந்தார். மீண்டும் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். மேலுதடு சற்றே தூக்கிக்கொண்டது, மூக்கின் இருபுறமும் கோடுகள் விழுந்தன. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுவது அந்த முகத்தில் தெரிந்தது. பிறகு அதையே வாங்கிக்கொண்டார்.

அந்த முகத்தை நான் எந்த விளம்பரத்திலும் திருத்தியதே இல்லை என்பது அன்று இரவுதான் உறைத்தது. மறுநாள் என் பழைய ஃபைல்களை எல்லாம் திறந்து பார்த்தேன். மூடிய கண்கள் இருந்தன, சாய்ந்த கழுத்துகள் இருந்தன. முகரும் பெண் ஒருத்திகூட இல்லை. தமிழில் நுகர்தல் என்றால் முகர்தல், அனுபவித்தலும்கூட. வாங்குபவருக்கு நாம் வைத்திருக்கும் பெயரே நுகர்வோர். கடையில் நுகர்பவராக நிற்கும் பெண், எங்கள் படத்துக்குள் வந்ததும் நுகரப்படும் பொருளாகிவிடுகிறாள். பிடியை அழித்ததைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. எது தனக்குப் பிடிக்கிறது என்று முடிவு செய்யும் வேலையை அவளிடமிருந்து எடுத்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு ஒரு படப்பிடிப்பில் மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில், விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தபோது, மாடல் பெண் தன் மணிக்கட்டைத் தூக்கி முகர்ந்தாள். எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். கேமரா ஒருமுறை க்ளிக் செய்தது. திரையில் வந்ததைப் பார்த்தேன்: அதே புருவம், அதே பக்கப் பார்வை, மூக்கின் ஓரத்தில் மூன்று கோடுகள். தேர்வுக்கு அனுப்பிய பன்னிரண்டு படங்களில் அதை ஒன்பதாவதாக வைத்தேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "ஒன்பதாவது நன்றாக இருக்கிறது. ஆனால் மூக்கு சுருங்கியிருக்கிறது. சரிசெய்ய முடியுமா?"

பத்து நிமிட வேலை. அந்த மூன்று கோடுகளை எடுத்துப் புருவத்தைத் தளர்த்திவிட்டால், அவள் எதையோ கனவு காண்பதுபோல் ஆகிவிடும். முடியாது என்று எழுதினேன். அவர்கள் நான்காவது படத்தை எடுத்துக்கொண்டார்கள்.