பின்னணி நீக்கம்: ஒரே படத்தில் நான்கு வித விளிம்புகள்

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 4000 × 6000 பிக்சல் அளவுள்ள ஜேபெக் படம். வெளிர் சாம்பல் சுவருக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். கருத்த சுருட்டை முடி, மூக்குக் கண்ணாடி, வெளிர்நிறச் சட்டை, ஒரு கை இடுப்பில். ஒரு தோள் மட்டும் ஃபோகஸுக்கு வெளியே போய் மங்கலாக இருக்கிறது. மென்பொருள் கிம்ப் (இலவசப் படத்திருத்தி) 2.10. 2025 மார்ச்சில் 3.0 வந்துவிட்டது, இங்கே பயன்படுத்திய கருவிகள் அதிலும் இருக்கின்றன.

இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதில் நான்கு வித விளிம்புகள் இருப்பதுதான்: கூர்மையான சட்டை ஓரம், மங்கிய தோள், முடி, கண்ணாடியின் வழியே தெரியும் சுவர். ஒரே கருவியால் நான்கையும் பிடிக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலான முயற்சிகள் கத்தரித்து ஒட்டிய காகிதம் போல முடிகின்றன.

முதல் சுற்று: மந்திரக்கோல்

படத்தைத் திறந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்ஸி, அதனுள் ஆட் ஆல்ஃபா சேனல். ஆல்ஃபா என்பது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவு. ஜேபெக் கோப்பில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே கிடையாது. ஆல்ஃபா சேர்க்காமல் டெலீட் அழுத்தினால், கட்டம் போட்ட வெளி தெரிவதற்குப் பதிலாகக் கருவிப்பெட்டியில் இருக்கும் பின்னணி நிறம் வந்து நிரம்பும். "டெலீட் பண்ணினால் வெள்ளையாகிறது" என்ற குழப்பத்துக்கு அநேகமாக இதுதான் காரணம்.

மந்திரக்கோல் எனப்படும் ஃபஸ்ஸி செலக்ட் கருவியை எடுத்து, த்ரெஷோல்டை (எவ்வளவு நிற வித்தியாசம்வரை சேர்ப்பது என்ற அளவை) 15-லேயே விட்டு, சுவரில் ஒரு கிளிக். சுவரில் பாதிதான் பிடிபட்டது. மூலைகளில் வெளிச்சம் குறைவதால் அங்கே நிறம் மாறிவிடுகிறது. கிளிக் செய்தபடியே மவுஸைக் கீழே இழுத்தால் த்ரெஷோல்ட் ஏறும். 30-ஐத் தாண்டியதும் தேர்வு சட்டைக்குள் கசிந்தது. வெளிர்ச் சட்டைக்கும் வெளிர்ச் சுவருக்கும் இடையே நிற வித்தியாசம் அவ்வளவு குறைவு. 20-இல் வைத்து, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு இடங்களில் தொட்டுச் சேர்த்ததில் சுவர் முழுவதும் அகப்பட்டது. ஆனால் ஓரம் பல்லுப் பல்லாக இருந்தது.

இந்தப் பல் வரிசை கருவியின் பிழை அல்ல. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதோடு, பெரும்பாலான கோப்புகளில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் சரியாக இருந்தாலும், நிறம் ஓரத்தைத் தாண்டி ஓரிரு பிக்சல் கசிந்திருக்கும். நிறத்தை வைத்துத் தேர்வு செய்யும் எந்தக் கருவியும் அந்தக் கசிவின் மேல்தான் கோடு போடும். கேமராவின் ரா கோப்பு (ஜேபெக்காக மாற்றாத மூலப் பதிவு) இருந்தால் அதிலிருந்து தொடங்குவது இதனால்தான் நல்லது.

தானியங்கிக் கருவியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பரவலாகப் பயன்படும் யூ-ஸ்கொயர்-நெட் என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் படத்தை 320 × 320 அளவுக்குச் சுருக்கித்தான் உள்ளே எடுக்கிறது. அங்கே பிறக்கும் மாஸ்க் (எது தெரியும், எது மறையும் என்ற வரைபடம்) 4000 பிக்சல் அகலத்துக்கு இழுக்கப்படும்போது அதன் ஒரு பிக்சல் இங்கே பன்னிரண்டு பிக்சலுக்கு மேல் பரவுகிறது. உருவம் எது, சுவர் எது என்பதை அது சரியாகவே பிரித்தது. ஆனால் சுருட்டை முடி ஒரு மேகமாகிவிட்டது. சின்னப் படமாகத் திரையில் காட்ட இது போதும். அச்சுக்கோ பெரிய பதாகைக்கோ முதல் வரைவாக மட்டும் உதவும்.

இரண்டாம் சுற்று: மாஸ்க், பாத்

அழிப்பதை விட்டுவிட்டு லேயர் மாஸ்க்குக்கு வந்ததும் வேலையின் தன்மையே மாறுகிறது. மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும், சாம்பல் பாதி தெரியும். மூலப் படத்தின் ஒரு பிக்சலும் போவதில்லை. ஓரம் தப்பினால் வெள்ளைத் தூரிகையால் மீட்டுவிடலாம். அழிப்பானால் தேய்த்த படத்தில் அந்த வசதி கிடையாது.

சட்டைக்கும் கைக்கும் பாத் கருவி (புள்ளி வைத்து வளைகோட்டுப் பாதை போடுவது), விசைப்பலகையில் B. 200 முதல் 300 சதவீதம் பெரிதாக்கி, வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, நடுவில் இருக்கும் கோட்டைக் கைப்பிடியால் வளைக்க வேண்டும். புள்ளி அதிகமானால் ஓரம் நடுங்கும். முழங்கையிலிருந்து தோள்வரை ஐந்து புள்ளிகள் போதுமானதாக இருந்தன. கோட்டை உண்மையான ஓரத்திலிருந்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் போட வேண்டும். அந்த ஒரு பிக்சலில்தான் சுவரின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிப் புள்ளிக்கு வந்ததும் கண்ட்ரோலை அழுத்தியபடி முதல் புள்ளியைத் தொட்டால் பாதை மூடும், என்டர் அழுத்தினால் தேர்வாக மாறும். அதற்கு 2 பிக்சல் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குதல்) கொடுத்து, ஆட் லேயர் மாஸ்க் பெட்டியில் செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தால் முதல் மாஸ்க் தயார்.

முடி இருக்கும் பகுதியில் பாதையை முடித்திரளின் நன்கு உள்ளே, அடர்ந்த கறுப்பின் மேலேயே ஓட்ட வேண்டும். பிரிந்து நிற்கும் இழைகள் இப்போதைக்கு முழுக்க மறைந்து போகட்டும். அவை தனியாக வந்து சேரும்.

இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவே முக்கோணமாக ஒரு சுவர்த் துண்டு இருக்கிறது. அதைத் தனிப் பாதையாக வரைந்து மாஸ்க்கில் கறுப்பால் நிரப்ப வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்வரை இது கண்ணில் படவே படாது.

மங்கிய தோளுக்கு வேறு கணக்கு. 800 சதவீதத்தில் பார்த்தால், சட்டையிலிருந்து சுவருக்கு நிறம் மாற அங்கே சுமார் 12 பிக்சல் ஆகிறது; கூர்மையான ஓரங்களில் 2 அல்லது 3 பிக்சல்தான். கூர்மையான ஓரத்தில் கோடு ஒரு பிக்சல் உள்ளே. மங்கிய ஓரத்தில் அந்த 12 பிக்சலின் நட்டநடுவே. பிறகு அந்தத் தோளைச் சுற்றி மட்டும் லாஸோ (கையால் வரையும் தேர்வு) போட்டு, அந்தத் தேர்வுக்கு 30 பிக்சல் ஃபெதர் கொடுத்து, மாஸ்க்கின் மேல் காஸியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டர், அளவு 3. பெட்டியில் கேட்கும் எண் மங்கலின் முழு அகலம் அல்ல. கண்ணுக்குத் தெரியும் பரவல் அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். 3 கொடுத்தால் 12 கிடைக்கும். இதைச் செய்யாமல் தோளைக் கத்தி போல வெட்டினால், உள்ளே துணி மங்கலாகவும் ஓரம் கூராகவும் இருந்து, எங்கே வைத்தாலும் ஒட்டவைத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் சுற்று: முடி

இதற்குத்தான் மொத்த நேரத்தில் பாதி போகிறது, போகவும் வேண்டும். ஒற்றை முடியை யாராலும் பாதை போட்டு எடுக்க முடியாது. ஒரு பிக்சலை விட மெல்லியதாகக்கூட அது இருக்கும். அப்படிப்பட்ட பிக்சலில் கொஞ்சம் முடியும் கொஞ்சம் சுவரும் கலந்தே இருக்கின்றன. எவ்வளவு முடி என்ற விகிதம்தான் ஆல்ஃபா.

கிம்ப்பின் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவி அந்த விகிதத்தைக் கணக்கிட முயல்கிறது. உருவத்தைச் சுற்றித் தோராயமாகக் கோடு போட்டு என்டர் அழுத்தி, நிச்சயமாக உருவம் என்ற பகுதிகளில் தூரிகையை ஓட்ட வேண்டும். எஞ்சினில், அதாவது கணக்கிடும் முறைகளில், மேட்டிங் லெவின் துல்லியமானது, ஆனால் மெதுவானது. 4000 பிக்சல் படத்தில் தெரியாத பகுதியை (உருவமா சுவரா என்று குறிக்காத இடத்தை) அகலமாக விட்டுவைத்தால் கணினி திணறும். உருவத்தையும் சுவரையும் முடிந்தவரை பூசி, முடியின் ஓரத்தில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் தெரியாததாக விட்டபோது நல்ல விடை வந்தது. சுவர் ஒரே சீராக இல்லாத படங்களுக்கு இதுவே சரியான வழி.

இந்தப் படத்தில் சுவர் சீரானது, முடி கருமையானது. அதனால் சேனல் வழியே இன்னும் சுத்தமாக வந்தது. சேனல்ஸ் பலகத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பார்த்தால் நீலத்தில்தான் முடிக்கும் சுவருக்கும் வேறுபாடு மிகுதி. முடியில் வெளிச்சம் படும் இடம் பழுப்பாக மின்னுகிறது. பழுப்பில் நீலம் குறைவு என்பதால் அந்த மின்னலும் நீலச் சேனலில் கறுப்பாகவே நிற்கிறது. சிவப்பில் அது சுவரோடு கரைந்துவிடும். நீலச் சேனலில் இரைச்சல் (புள்ளிப் புள்ளியான சிதறல்) கூடுதல் என்ற குறை உண்டு. அதை வெளிச்ச அளவுகளைத் திருத்தும் லெவல்ஸ் சமாளிக்கும்.

நீலத்தை டூப்ளிகேட் செய்து இன்வெர்ட் செய்ததும் முடி வெள்ளையாகவும் சுவர் இருட்டாகவும் ஆனது. இப்போது (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில்) சுவர் 55 முதல் 70, முடித்திரள் 195 முதல் 225, ஒற்றை இழைகள் 110-ஐ ஒட்டி. லெவல்ஸில் கறுப்புப் புள்ளி 75, வெள்ளைப் புள்ளி 190. சுவர் முழுக் கறுப்பானது, திரள் முழு வெள்ளையானது, இழைகள் சாம்பலாக நின்றன. கறுப்புப் புள்ளியை 110 வரை தள்ளிப் பார்த்தபோது ஓரம் மிகச் சுத்தமாகத் தெரிந்தது, ஆனால் ஒற்றை இழைகள் அத்தனையும் செத்துப்போயின. சுத்தமாகத் தெரிகிறதே என்ற ஆசையில் பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சுவரில் மிச்சமிருக்கும் அழுக்குக்குக் கருமையாக்கும் பர்ன் கருவியை ஷேடோஸில் வைத்து, எக்ஸ்போஷர் 20-இல் மெல்லத் தேய்த்தால் போதும். இழைகளை அது அவ்வளவாகத் தொடாது.

அடுத்து, முடியைச் சுற்றி லாஸோ போட வேண்டும்; முகமும் சட்டையும் அதற்குள் வரக்கூடாது. திருத்திய சேனலின் மேல் வலது கிளிக், இன்டர்செக்ட் வித் செலக்‌ஷன். கிடைத்த தேர்வோடு மாஸ்க்குக்குத் திரும்பி வெள்ளையால் நிரப்பினால், பாதையில் வந்த திரளோடு இழைகள் சேர்ந்துகொள்ளும்.

கண்ணாடியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். முகத்துக்கு வெளியே நீளும் லென்ஸ் துண்டின் வழியே சுவர் தெரிகிறது. அந்தத் துண்டில் மாஸ்க்கை 30 சதவீத வெள்ளையாக வைத்தால் லென்ஸின் பளபளப்பு கொஞ்சம் தங்கும், புதிய பின்னணியும் ஊடே தெரியும். பிரேமை மட்டும் பாதையால் முழு வெள்ளையாக்க வேண்டும்.

நான்காம் சுற்று: ஓரத்தில் நிற்கும் வெளிச்சம்

மாஸ்க் சரியாக இருந்தும், கருநீலப் பின்னணியில் வைத்ததும் முடியைச் சுற்றிச் சாம்பல் ஒளிவட்டம் ஒன்று தெரிந்தது. உடனே மாஸ்க்கைச் சுருக்கத் தோன்றும். செய்யக்கூடாது, இழைகள் போய்விடும். கோளாறு மாஸ்க்கில் இல்லை, நிறத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். முடி 40, சுவர் 190, ஒரு பிக்சலில் முடியின் பங்கு 0.4 என்று கொள்வோம். படத்தில் பதிவான நிறம் 16 கூட்டல் 114, அதாவது 130. மாஸ்க் அந்தப் பிக்சலை 0.4 அளவு காட்டுகிறது. கறுப்புப் பின்னணியில் அது 52 ஆகத் தெரியும். உண்மையான முடி மட்டும் இருந்திருந்தால் 16 ஆகத் தெரிந்திருக்கும். எவ்வளவு காட்டுவது என்பதை மாஸ்க் திருத்திவிட்டது, பிக்சலுக்குள் கலந்த சுவரை அது தொடவில்லை.

ஆகவே சாயம் பூச வேண்டியது லேயரில். சிறுபடத்தில் மாஸ்க்கை விட்டு லேயரைச் சொடுக்கி, தூரிகையின் மோடை டார்க்கன் ஒன்லி (கருமையாக்க மட்டும்), ஒபாசிட்டி 60 என வைத்து, ஓரத்திலிருந்து 10, 15 பிக்சல் உள்ளே இருக்கும் முடி நிறத்தை எடுத்து ஓரம் முழுக்கப் பூசினால் ஒளிவட்டம் அடங்கிவிடும். தாராளமாக வெளியே வழிய விடலாம், மாஸ்க் காத்துக்கொள்ளும். இடத்துக்கு இடம் நிறத்தைப் புதிதாக எடுப்பது முக்கியம். ஒரே நிறத்தைப் பூசினால் முடி வரைந்தது போலாகும். வெளிர் முடி, கரும்பின்னணி என்றால் லைட்டன் ஒன்லி.

சோதிப்பதற்கு அடியில் மூன்று லேயர்கள்: கறுப்பு, வெள்ளை, அடர் சிவப்பு. ஒன்றில் மறையும் குறை இன்னொன்றில் பல்லிளிக்கும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் சிறுபடத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் தெரியும். நடுவில் உள்ள ஓட்டைகளும் சுவரில் சிதறிய புள்ளிகளும் அப்போது அகப்படும். லினக்ஸில் சில நேரம் ஆல்ட் சொடுக்கை விண்டோ மேனேஜர் பிடுங்கிக்கொள்ளும், அங்கே வலது கிளிக்கில் ஷோ லேயர் மாஸ்க்.

முடியின் தடிமன் கிம்ப்பில் ஒன்றாகவும் உலாவியில் வேறாகவும் தெரிவதற்கும் காரணம் உண்டு. 2.10-இலிருந்து நார்மல் மோட் லீனியர் ஒளியில், அதாவது உண்மையான ஒளி அளவுகளின் விகிதத்தில், கலக்கிறது. உலாவிகள் வழக்கமாக அப்படிக் கலப்பதில்லை. பாதி தெரியும் கறுப்பு இழை வெள்ளையின் மேல் கிம்ப்பில் 188, உலாவியில் 128. வலைக்கான படம் என்றால், மோட் பட்டியலின் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானில் பழைய முறையான லெகசிக்கு மாற்றிவிட்டுத் தடிமனை முடிவு செய்வது நல்லது.

ஏற்றுமதி

கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பை மாஸ்க்கோடு தனியே சேமித்த பிறகு, சோதனை லேயர்களை மறைத்து பிஎன்ஜி. வெப்பியும் ஆல்ஃபாவைத் தாங்கும். ஜிஃப்பில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, இடைநிலை இல்லை, முடி பல்லாகிவிடும். பிஎன்ஜி பெட்டியில் சேவ் கலர் வேல்யூஸ் ஃப்ரம் டிரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ் என்ற தேர்வின் குறியை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் மறைத்த சுவரின் நிறங்கள் கோப்புக்குள் அப்படியே போகும். ஆல்ஃபாவைக் கழற்றத் தெரிந்தவர் பின்னணி முழுவதையும் மீட்டுவிடலாம், அதில் யாராவது நின்றிருந்தால் அவரையும் சேர்த்து.